பூனைக்குச் சூடு கொடுத்த பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

வீட்டு முன்னறைத் தையல் கடையில் ஒரு பேன்ட்டைக் குட்டையாக்கினேன். ஆள் கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குட்டையாகிவிட்டது. "இப்போ இதுதான் சார் பேஷன்" என்றேன். நம்பிக்கொண்டு போனார். தங்கமான மனுஷன்.

மச்சான், அதாவது என் வீட்டுக்காரி தம்பி, எங்களோடுதான் இருக்கிறான். இன்டர்நெட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வீட்டிலும் டை கட்டிக்கொண்டுதான் சாப்பிடுகிறான். திருட்டுத்தனமாகப் பாட்டு, படம் பகிர்கிறவர்களுக்குப் போன் போட்டு எச்சரிக்கிற வேலை. கழுத்து அட்டையில் 'தற்காலிகம்' என்று போட்டிருக்கிறது. "மாமா, சிரிக்க வைக்காதீங்க, குரல் கெட்டுடும்" என்கிறான். இப்படிச் சொன்ன பிறகு விடுவேனா?

அதே கம்பெனியிலிருந்து எனக்கும் மெசேஜ் வந்திருக்கிறது. நம்ம லைனில் திருட்டுப் பாட்டு போகிறதாம், இன்னொரு தடவை என்றால் வெட்டுவார்களாம். நான் என்ன, பாடினவர் வீட்டு ஓட்டைப் பிரித்தா இறங்கினேன்? மெசேஜை அழித்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் ஏறிவிட்டது.

மதியம் போன். "வணக்கம் சார். உங்க இணைப்பிலிருந்து பாட்டுகள் சட்டவிரோதமா பகிரப்படுது. இந்த உரையாடல் பதிவு செய்யப்படுது."

நம்ம மச்சான் குரல்! நம்பரை அங்கே கம்ப்யூட்டரே போட்டுக் கொடுக்குமாம். சொந்தக்காரர் என்றால் வேறு ஆளிடம் தள்ளிவிட வேண்டுமாம். வெட்கப்பட்டுக்கொண்டு தானே பேசிவிட்டான். எதிராளி வைக்கிறவரை அவன் போனை வைக்கவும் கூடாது. போதாதா எனக்கு?

"டேய் மச்சான், காலையில என் சாக்ஸை மாட்டிட்டுப் போனியே, அது திருட்டு இல்லையா?"

"சார், தயவுசெஞ்சு விஷயத்துக்கு வாங்க சார்."

"கடைக் கம்ப்யூட்டர் மேல பூனைதான்டா படுத்திருக்கு. அதுவா பாட்டுத் திருடுது?"

"அதுல பழைய புரோகிராம் ஏதாவது இருக்கா சார்?"

"நீ காலேஜ்ல படிக்கிறப்போ போட்டுவிட்டியே, அதா?"

மெதுவாக, "ஆமா சார்."

வயிறு வலிக்கிறது, இன்னும்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் போனவன் உடனே திரும்பி வந்துவிட்டான். மேலதிகாரி அம்மா பதிவைக் கேட்டுவிட்டாராம். "வீட்ல இருங்க, சொல்லி அனுப்புறோம்" என்றாராம்.

"நாம பாட்டை இறக்குறதோட முடியல மாமா. பெட்டி ஓடிட்டே இருந்தா, உள்ள இருக்கிற பாட்டையெல்லாம் அதுவே ஊருக்குக் கொடுத்துட்டே இருக்கும்."

அந்தப் பெட்டியை நான் அணைத்ததே இல்லை. அணைத்தால் சூடு போய்விடும், பூனை வந்து வெட்டிவைத்த துணிமேல் படுக்கும். ஒரு பூனை சுகமாகத் தூங்க ஊர் பூராவும் பாட்டுச் சப்ளை பண்ணியிருக்கிறேன்!

இதைச் சொல்லிச் சிரிக்கலாமென்று திரும்பினேன். டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தான். என்ன வாய்டா உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன் — ரெக்கார்டு பண்றேன்னு சொன்னானே, கேட்டுச்சா?

மார்ச் 12, புதன்

வீட்டுக்காரி என்னிடம் பேசுவதில்லை. தட்டு மட்டும் டொங்கென்று பேசுகிறது.

மார்ச் 13, வியாழன்

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் ஆபீசுக்கே போய்விட்டேன். மேலதிகாரி அம்மா ஆளை விட்டு மூடியைத் திறக்கச் சொன்னார். கொத்தாகப் பூனை முடி வந்தது.

"போட்டது அவன்தாம்மா. ஆனா தினமும் கடையில ஓடவிட்டுக் கேட்டது நான். லைனும் என் பேர்ல. வெட்டுறதுன்னா அதை வெட்டுங்க. அவன் பொழப்பை வெட்டிடாதீங்க."

"அவர் அந்தப் போன்ல பேசினதே தப்பு."

"தப்புதாம்மா. ஆனா நான் அவ்வளவு ஓட்டினேனே, ஒரு வார்த்தை மரியாதை குறைஞ்சு பேசினானா?"

அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். எதையோ எழுதினார். பிறகு, தலை நிமிராமலே:

"அந்த சாக்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டாரா?"

"இன்னும் இல்லைங்கம்மா."

மார்ச் 17, திங்கள்

ஒரு மாதத்துக்கு லைன் வெட்டு. கடையில் பாட்டு இல்லை என்று நானே பாடினேன். ஒருத்தர் அளவு கொடுக்காமலே போய்விட்டார்.

அவனுக்கு இன்னும் தகவல் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

கூப்பிட்டுவிட்டார்கள்! போன் பேசுகிற வேலை இல்லை. வீடு வீடாகப் போய், இந்த மாதிரிப் பழைய புரோகிராம்களைத் தேடி எடுக்கிற வேலை. இவள் எனக்கு இன்னொரு தடவை டீ வேணுமா என்று கேட்டாள். வாயால்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் இதே வாசலில் செருப்பை உதறிவிட்டு ஷூ மாட்டிக்கொண்டு போனவன், மதியம் இதே வாசலில் வந்து மணி அடித்தான். சொந்தக்காரர் வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாதாம், கூடவே அந்த அம்மா. கழுத்தில் புது அட்டை. 'தற்காலிகம்' என்ற சொல்லைக் காணோம்.

"வணக்கம் சார். லைனைத் திரும்பக் கொடுக்கிறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரைப் பார்க்கணும்."

ஷூவைக் கழற்றினான். உள்ளே என் சாக்ஸ். அந்த அம்மா கண்ணும் அங்கேதான் போனது. எனக்குக் கிண்டல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழுங்கினேன்.

"வாங்க சார், உட்காருங்க" என்றேன்.

உள்ளேயிருந்து இவள் பதறி ஓடி வந்தாள்.

"என்னங்க, உடம்புக்கு என்ன பண்ணுது?"