கணு ஒன்று போதும்

ஜூன் 6, சனி

கடையில் இன்று ஒரு பெரிய தொட்டியை நழுவ விட்டேன். தொட்டி உடையவில்லை, முதலாளியின் முகம்தான் உடைந்தது. மீன்தொட்டிக் கடைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் ஈரக் கையோடுதான் கண்ணாடியைத் தூக்குகிறேன். திருந்தவே மாட்டேன் போல.

சாயந்திரம் சித்தப்பாவின் படகுத்துறைக்குப் போனேன். மாலை வகுப்புப் பரீட்சையால் இரண்டு மாதமாக ஏரிப் பக்கமே வரவில்லை. பதினோரு வாத்துப் படகும் தண்ணீரில். ஏழாம் நம்பர் வாத்துக்கு மூக்கு உடைந்திருக்கிறது, அதையும் கேட்டு வாங்கி மிதிக்கிறார்கள். திரும்பி வரும் படகைத் துடைப்பது வழக்கம்போல என் தலையில். துணியை நனைக்கக் கழுவும் படியில் இறங்கினால் —

மஞ்சள்!! தண்ணீரின் மேலே ஒரு பாய் விரித்தமாதிரி இலை, அதன் மேலே பூ, பூ, பூ. ஐந்து இதழ். மெழுகு தடவினமாதிரி பளபளப்பு. நாற்பத்து மூன்று போட்டோ எடுத்தேன்.

"வாலு, வாத்தைத் தொடைக்கச் சொன்னா பூவை மோந்துக்கிட்டு நிக்கிறே?" என்றார் சித்தப்பா.

"இது என்ன செடி சித்தப்பா?"

"மஞ்சப் பூச் செடி."

பெரிய விஞ்ஞானி.

ஜூன் 7, ஞாயிறு

செடி கண்டுபிடிக்கும் குழுவில் போட்டோக்களைப் போட்டேன். இரண்டாயிரம் பேர் இருக்கிற குழு. பதினாறு பேர் இதயம் விட்டார்கள். ஒருத்தராவது பெயர் சொல்லணுமே! கடைசியில் 'இலைப்பூச்சி' வந்தது. ஆணா பெண்ணா தெரியாது, யாரையும் விட்டுவைக்காது என்பது மட்டும் தெரியும்.

"பூவை மட்டும் பார்த்துப் பேர் சொல்ல நான் மந்திரவாதியா? காம்பு, கணு, வேர் எல்லாம் எடுத்துப் போடு. அப்புறம் குதிக்கலாம்."

குதிக்கிறேன் என்று எப்படித் தெரிந்தது? (ஆச்சரியக்குறி ஒன்பது போட்டிருந்தேன்.)

ஜூன் 9, செவ்வாய்

படகுக்கு வாரவிடுமுறை, எனக்கும் அரை நாள். முழங்கால் வரை இறங்கி ஒரு கொடியை இழுத்தேன்.

ஐயோ, இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். பூவுக்குக் கீழே நீளமாகக் காம்பு மாதிரி இருக்கிறதே, அது காம்பே இல்லை. காய்! காயின் தலையில்தான் இதழ்கள் உட்கார்ந்திருக்கின்றன. இதழ் உதிர்ந்ததும் பார்த்தால் அச்சு அசல் கிராம்பு.

வேர் இரண்டு வகை. கறுப்பாக, இறகு மாதிரி கீழே தொங்குவது சாப்பாட்டுக்கு. வெள்ளையாக, பஞ்சு மாதிரி மேல்நோக்கி வளர்வது மூச்சுக்கு. சேற்றில் காற்று இல்லையென்றால் வேரையே மேலே அனுப்பி மூச்சு வாங்குகிறது. என்ன மூளை இதற்கு!

இலைப்பூச்சியின் தீர்ப்பு: "நீர்க்கிராம்பு சாதி. ஆனா நம்ம வாய்க்காலில் நிமிர்ந்து நிக்கிறது இல்லை. இது வெளியூர்ச் சொந்தம், தண்ணி மேலே படர்றது. அழகுதான். ஜாக்கிரதை."

அழகுதான் என்று இலைப்பூச்சியே சொல்லிவிட்டது. இன்றைக்கு இது போதும்.

ஜூன் 15, திங்கள்

ஏரி ஆய்வாளர் வந்திருந்தார். தொப்பி, நீளக் கயிறு, நோட்டு. கரையோரம் நடந்து அளந்துவிட்டு, "செப்டம்பர் கடைசியிலே திரும்ப வருவேன். ஏரியில கால்வாசிக்கு மேலே மூடியிருந்துச்சுன்னா படகு லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாதுங்க" என்றார்.

சித்தப்பா சிரித்தபடிதான் வழியனுப்பினார். பிறகு மூக்குடைந்த வாத்துக்குள் போய்க் கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் துறைதான் அவருக்கு எல்லாம்.

"நான் பாத்துக்கிறேன் சித்தப்பா. செடி என் டிபார்ட்மென்ட்."

"நீயா? வெளங்கிடும்."

ஜூன் 16, செவ்வாய்

வெட்டித் தள்ளிவிட்டோம்! நான், சித்தப்பா, டிக்கெட் கொடுக்கிற அக்கா. மூன்று அரிவாள், இரண்டு வாத்து. கரையில் என் உயரத்துக்குக் குவியல். 'ஏரியைக் காப்பாற்றிய ஒரு நாள்' என்று வீடியோ போட்டேன். தொள்ளாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். முதுகு ஒடிகிறது. பரவாயில்லை.

ஜூலை 5, ஞாயிறு

மூன்று திட்டாக இருந்தது பதினாலு திட்டாகிவிட்டது.

எப்படி? எப்படி??

ஜூலை 6, திங்கள்

எப்படி என்று இலைப்பூச்சி சொல்லிவிட்டது.

"வெட்டினியா? வீடியோ பார்த்தேன். வாழ்த்துகள், ஏரி முழுக்க நட்டிருக்கே. இதுக்கு விதையே தேவையில்லை. ஒடிஞ்ச துண்டுல ஒரு கணு இருந்தாப் போதும், ரெண்டு மூணு வாரத்தில தனிச் செடி."

சாப்பிடக்கூடப் பிடிக்கல. தொள்ளாயிரம் பேர் முன்னாடி அசடு வழிஞ்சிருக்கேன். அழிச்சிடலாமா அந்த வீடியோவை? — வேண்டாம். கீழே எழுதி வைத்தேன்: 'இப்படிச் செய்யாதீங்க. நான் செஞ்சேன்.'

ஜூலை 7, செவ்வாய்

முள்ளங்கி வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருக்கிற ஒரே ஜீவன், வரைபடப் பைத்தியம். அவள் போனில் ஏரியை வரைந்தாள், நான் ஒவ்வொரு திட்டாகப் புள்ளி வைத்தேன். முடித்துப் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் ஒரே வளைவில் வருகின்றன.

"இது வாத்துப் போற வழிடி" என்றாள்.

ஏழாம் நம்பரைக் கரையில் கவிழ்த்தோம். மிதித்தால் சுற்றுமே அந்தத் துடுப்புச் சக்கரம், அதில் கொடி பின்னல் போட்டமாதிரி சுற்றியிருந்தது. சக்கரம் நறுக்குகிறது, சுமக்கிறது, போகிற வழியெல்லாம் போடுகிறது. எங்கள் வாத்துகள்தான் விவசாயம் பார்த்திருக்கின்றன!

சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வாத்தைக் குத்தம் சொல்றியா?"

"வாத்தை இல்லை சித்தப்பா, சக்கரத்தை."

"சக்கரம் மட்டும் யாருது?"

ஆனாலும் கயிறு கட்டிப் பாதையை மாற்றிவிட்டார். திரும்புகிற ஒவ்வொரு படகின் சக்கரத்தையும் இனிமேல் வாளி வைத்துச் சுத்தம் செய்யணும்.

ஒரு புள்ளி மட்டும் ஒத்துவரவில்லை. எதிர்க்கரையில், வருகிறவர்கள் உட்கார்ந்து போட்டோ எடுக்கிற பெஞ்சுக்குப் பின்னால். அங்கே வாத்து போகவே போகாது. முள்ளங்கி அதில் பெரிய கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.

ஜூலை 11, சனி

கடைக்குப் புதுச் சரக்கு வந்தது. பிரித்து அடுக்கினேன். மூன்றாவது டப்பாவில் வட்ட வட்ட இலை, பூ மாதிரி அடுக்கு, தண்ணீரில் மிதந்துகொண்டு. பாய்ந்து கணுவைப் பார்த்தேன். இறகு வேர். முளை விட்ட குட்டி வெள்ளை வேர்.

அதேதான். இளசில் இலை வட்டமாக மிதக்குமாம், நிமிர்ந்து வளரும்போதுதான் நீளுமாம். தொட்டிக்குள் பூக்கவும் பூக்காது. அதனால்தான் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

போன வருஷம் கடைத் தொட்டிகளைக் கழுவியபோது மிஞ்சின செடி ஒரு வாளி. குப்பையில் கொட்டச் சொன்னார் முதலாளி. உயிரோட இருக்கே, பாவமேன்னு எடுத்துட்டுப் போயி —

கழுவும் படியில். ஏரியிலேயே அடர்த்தியான திட்டு எங்கே? கழுவும் படியில்.

ஜூலை 12, ஞாயிறு

நான்தான்.

ஜூலை 19, ஞாயிறு

சித்தப்பா டிக்கெட் அக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: "கொக்கு காலிலே ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்மா. எவனைப் போயிக் கேக்கிறது?" என்னைப் பார்த்து, "இல்ல வாலு?" என்றார்.

"இருக்கலாம்" என்றேன்.

இருக்கலாமாம்! நாக்கு எப்படிடி வந்தது உனக்கு? ஒரு பாவமும் அறியாத கொக்கு.

ஜூலை 26, ஞாயிறு

சொல்லிட்டேன்.

கடைசிப் படகு வந்ததும், வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரே மூச்சில். கடை, வாளி, படி, எல்லாம். சித்தப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவே இல்லை. சக்கரத்திலிருந்த துண்டு ஒவ்வொன்றையும் எடுத்து வாளியில் போட்டு முடித்தார். "நேரமாச்சு, வீட்டுக்குப் போ" என்றார். அவ்வளவுதான்.

கத்தியிருக்கலாம்ல?

ஜூலை 28, செவ்வாய்

போன் வரவில்லை. அம்மா கேட்டாள், "என்னடி, சித்தப்பனும் மகளும் பேச்சு வார்த்தை இல்லையா?" தலைவலி என்றேன். எனக்கா அவருக்கா என்று கேட்டாள். இந்த வீட்டில் ஒரு பொய்யும் ஐந்து நிமிஷம் தாங்காது.

ஜூலை 29, புதன்

சித்தப்பாவே கடைக்கு வந்தார். இதுவரை இந்தக் கடைக்குள் கால் வைத்ததே இல்லை. தங்கமீன் தொட்டி முன்னால் நின்று, மீனைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மூணு நாளா உம்மேலே கோவமாத்தான் இருந்தேன். இருக்கவும் செய்வேன்."

"சரி சித்தப்பா."

"ஆனா அந்த முள்ளங்கிப் பொண்ணு ஒரு கேள்விக்குறி போட்டுச்சே. பெஞ்சுக்குப் பின்னாடி."

"ஆமா?"

"நீ பரீட்சைன்னு வராம இருந்தப்ப, முதல் பூ வந்துச்சு. நல்லாருக்கே, போட்டோ எடுக்கிறவங்களுக்கு அழகா இருக்குமேன்னு அஞ்சாறு கொம்பை ஒடிச்சு அங்க..."

"நட்டீங்களா?!"

"மெதுவாப் பேசு. மீன் பயப்படுது."

மஞ்சப் பூச் செடியாம். கொக்காம். முகத்தில் ஒரு மாற்றம் இல்லாமல் சொன்னாரே மனுஷன்! சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. முதலாளி தண்ணீர் கொடுத்துவிட்டு என்ன விஷயம் என்றார். இருவரும் சேர்ந்து சொன்னோம். அந்த மூன்றாவது டப்பாச் செடியை இனி வரவழைப்பதில்லை என்று சம்மதித்தார். உடனே இல்லை. "பூக்கும்னு சொல்லித்தானே வித்தேன்" என்று பத்து நிமிஷம் முனகினார். அப்புறம்தான்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

குழுவில் ஆள் கேட்டேன், நடந்ததை ஒளிக்காமல் எழுதி. ஒன்பது பேர் வந்தார்கள். இலைப்பூச்சியும்! ரப்பர் பூட்ஸ், பெரிய மூக்குக்கண்ணாடி, நாற்பது வயசு அம்மா. தொழில் பல் டாக்டராம்.

"வெட்டக் கூடாது, இழுக்கவும் கூடாது. அடியில கையை விட்டு, ஆட்டிப் பார்த்து, வேரோட எடுக்கணும். இதுல எனக்கு அனுபவம் இருக்கு" என்றார்.

முள்ளங்கி தானாக வாயை மூடிக்கொண்டாள்.

ஒவ்வொரு திட்டையும் சுற்றி முதலில் மிதக்கும் வலை கட்டணும். ஒருத்தர் பிடுங்க, இன்னொருத்தர் சல்லடையால் துண்டுகளை அள்ளணும். எடுத்ததைக் கரையில் போடக் கூடாது, ஈரம் பட்டால் பிழைத்துக்கொள்ளும். சிமெண்ட் தளத்தில் காயப்போட்டுக் கறுப்புத் தாள் மூடணும். காய் பழுக்கும் முன்னால் முடிக்கணும், ஒரு காய்க்குள்ளே நாற்பது ஐம்பது விதை. நாள் பூரா உழைத்து ஒன்றரைத் திட்டுதான் முடிந்தது.

பெஞ்சுக்குப் பின்னால் இருப்பதைச் சித்தப்பா யாரையும் தொடவிடவில்லை. அவரே இறங்கினார்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

ஆறு திட்டு முடிந்தது. கையெல்லாம் சேறு வாசனை. கடையில் மீன்களே என்னை ஒரு மாதிரி பார்க்கின்றன.

செப்டம்பர் 13, ஞாயிறு

எடுத்த இடத்தில் மூன்று பொடித் துளிர். கிள்ளவில்லை, தோண்டினேன். மழை வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 28, திங்கள்

ஆய்வாளர் வந்தார். ஏழாம் நம்பர் வாத்தில் அவரை ஏற்றிச் சித்தப்பாவும் நானும் மிதித்தோம். தொப்பியைப் பிடித்துக்கொண்டு கயிறு போட்டு அளந்தார்.

கரைக்கு வந்து கணக்குப் போட்டார். நூற்றில் ஏழு பங்கு.

ஏழு!

"லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குத் தர்றேன். மாசா மாசம் வந்து பாப்பேன்" என்றவர் படிவத்தைத் திருப்பினார். "ஏரிக்குள்ள எப்படி வந்துச்சு?" பேனா ஏற்கெனவே கட்டத்தில் 'தெ' எழுதியிருந்தது.

சித்தப்பா ஏதாவது கொக்கைத் தேடுவதுபோல வானத்தைப் பார்த்தார்.

"நான்தான் சார் கொட்டினேன். மீன்தொட்டிக் கடைச் செடி" என்றேன்.

"எதிர்க்கரையிலே நட்டது நான்" என்றார் சித்தப்பா, வானத்தை விட்டு இறங்கி.

ஆய்வாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை வருஷத்திலே இந்தக் கட்டத்தில 'தெரியவில்லை'ங்கிறதைத் தவிர வேற எதுவும் எழுதினதில்லைங்க" என்றார். 'தெ'யை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினார்.

அக்டோபர் 10, சனி

நல்ல கூட்டம். கடையிலிருந்து ஓடி வருவதற்குள் ஒன்பது வாத்து தண்ணீரில்.

வாளி எதற்கு என்று ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. போதாதா? சித்தப்பா சக்கரத்திலிருந்து எடுத்த விரல்நீளத் துண்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நுனியில் ஒரே ஒரு பூ.

"நல்லாப் பாருங்க, இது காம்பில்லை. காய்! இந்த வெள்ளை வேர் இருக்கே, இது மூச்சு விடுறதுக்கு. இதோ கணு, ஒண்ணு, ரெண்டு. இது ஒண்ணு போதும்ங்க ஏரியை மூட."

அந்த வீட்டுக் குழந்தை வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. வெளியே இரண்டு படகுக்கு ஆள் காத்திருந்தது, உள்ளே வந்த படகு ஈரமாகவே நின்றது.

"சித்தப்பா, வாத்தை யாரு தொடைக்கிறது?" என்றேன்.

"இரு வாலு, பேசிக்கிட்டு இருக்கேன்ல" என்றார்.

துணியை எடுத்துக்கொண்டு கழுவும் படியில் இறங்கினேன். தண்ணீருக்குள் அடிப் படிவரை தெரிந்தது.