புல் நுனி தெரியும் பனி

இங்வில்ட்,

இந்த வீட்டின் தலைமை மலை ஆலோசகரும், காலில் ஸ்கீ பலகைகளை மாட்டினால் இருபதாவது அடியில் விழுபவருமான உன் அப்பா விடுக்கும் மாபெரும் அறிவிப்பு: குளிர்பெட்டியில் மீன் கட்லெட் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு. நான் ட்ரோம்சோ நகரம் வரை போய் மாலையில் வருகிறேன்.

நேற்று நீ மலைக்குப் போகிறேன் என்றதும் நான் கத்தியிருக்கக் கூடாது. "புல் நுனியே வெளிய தெரியுதுப்பா, இதுல எது சரியப்போகுது?" என்று சிரித்தாய். போன நவம்பரில் உன் அண்ணன் சிந்த்ரேயும் வாசலில் நின்று இதையேதான் சொன்னான். "முழங்கால் பனிக்குப் பனிச்சரிவு எச்சரிக்கையாம், போடா!" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். கீழேதான் புல் தெரிந்தது. மேலே காற்று மொத்தப் பனியையும் ஓடைச் சரிவில் அள்ளிக் கொட்டியிருந்தது. அவனைத் தோண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது.

பனியில் புதைந்தால் இடம் காட்டும் உன் தேடல் கருவியில் புது பேட்டரி போட்டிருக்கிறேன். பழையதைக் கோடையில் ரேடியோவுக்கு எடுத்தவன் நான்தான். தனியாகப் போகாதே, உன் தோழி யோருனைக் கூப்பிடு. மரங்கள் முடியும் இடத்தோடு இருவரும் திரும்பிவிடுங்கள்.

பி.கு.: உனக்கு இருபத்திரண்டு வயது. முடிவு உன்னுடையது, தடுக்க எனக்கு உரிமையில்லை.

இன்னொன்று: உன் ஸ்கீகளில் ஒன்று என் காரில் இருக்கிறது.