அசையாத மைனஸ் பதினெட்டு

அன்புள்ள ஜாய்ஸுக்கு, தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? தோஹாவில் நான் நலம். போனில் சொன்னால் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நம் புதுப்பட்டினம் இறால் கிடங்கின் குளிர் அளவை இங்கிருந்தே கைப்பேசியில் பார்ப்பேனே, அது இரண்டு நாளாக மைனஸ் பதினெட்டு டிகிரியிலேயே நின்றது. நானும் மகிழ்ந்துபோனேன். நேற்று அந்த அளவைப் பதிந்து எனக்கு அனுப்பும் சர்வரைப் பார்க்கப் போன உன் தம்பி ஸ்டான்லி போனில் சிரித்தான்: "மச்சான், டிஸ்க் ரொம்பி சர்வரு நின்னுபூட்ச்சி. நீ பாத்துகினு இருந்தது முந்தாநாள் நம்பரு!"

பழைய பதிவு எதையும் அழிக்காதே என்று அவனைத் தடுத்தவன் நானேதான். சரக்கு தப்பியது, நான்தான் இன்னும் நிமிடத்துக்கொரு முறை கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறேன். சரிசெய்த பிறகும் மைனஸ் பதினெட்டுதான் காட்டுகிறது. எப்படி நம்புவது?

தினமும் காலையில் கிடங்குக் கதவில் உள்ள குளிர் மீட்டரை நீயே பார்த்து எனக்குச் சொல். சொன்னதும் போனை வைத்துவிடாதே, கொஞ்சம் பேசு. வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

ஏசுபாதம்