நீ மடித்து வைத்த பக்கம்

மச்சி,

இன்று மீன் கழுவிய கையோடு போனை எடுத்துவிட்டேன். திரையில் ஒட்டிய செதிலை நகத்தால் சுரண்டும்போது, இறந்தவர்களைக் குளிப்பாட்டும் வேலைக்கென்று போனில் வைத்த நம்முடைய ஜனாஸாப் பக்கத்தில் "வீடுகள்" என்ற சொல்லுக்கு முன்னால் கிடந்த கறுப்பு முக்கோணத்தில் பெருவிரல் பட்டது. முக்கோணம் கீழே சாய்ந்தது. அதற்கடியிலிருந்து என் எழுத்து முழுவதும் இறங்கி வந்தது. நீ அழித்துவிட்டாய் என்று கல்முனை முழுக்கச் சொல்லித் திரிந்தேனே, அதே எழுத்து.

நம் சுற்றுத் தெருக்களில் மௌத்தாகும் பெண்களைக் குளிப்பாட்டுவது நாம் எட்டுப் பேர். செய்தி வந்தால் எட்டுப் போனிலும் குரல் பறக்கும். ஒரு வீட்டில் மூன்று பேர் பஞ்சு கொண்டுவந்தோம், கத்தரிக்கோல் ஒருவரிடமும் இல்லை. உடலைச் சுற்றும் கபன் துணியை வெட்ட வழியில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். கந்தோரில் கோப்புகளோடு கிளாக்காக இருந்தவள் நீதான் வழி சொன்னாய்: "குறூப்பில கத்தினா சரிவராதுகா. எல்லாரும் திறந்து பாக்கிற, எழுதுற ஒரு பக்கம் வெப்பம். நீ அறிஞ்சதெல்லாம் எழுது."

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் மறதி என்பது எனக்கில்லை. எந்த வீட்டில் கிணறு, எந்த வளவு மாரிக்கு மூழ்கும், எந்த உம்மாவுக்குப் போனில் செய்தி சொல்லக்கூடாது, கடைசித் தண்ணீரை எந்த மகள் ஊற்ற ஆசைப்படுவாள் என்று ஒற்றை விரலால் மூன்று நாள் எழுதினேன். பச்சை எழுத்து. இடைக்கிடை ரோசாப்பூவும் வைத்தேன்.

நாலாம் நாள் பார்த்தால் பக்கம் அறுவடை முடிந்த வயலாகக் கிடந்தது. மேலே பெரிய எழுத்தில், "மௌத்துச் செய்தி வந்தா முதல்ல இந்த நம்பருக்கு எடுங்க." உன் நம்பர். கீழே நாலு சாமான், யார் கொண்டுவருவது என்று நாலு பேர். மற்றதெல்லாம் வெள்ளை.

மாவடிப்பள்ளிக் கல்யாண வீட்டில் உன்னைப் பிடித்தேன்.

"என்ட எழுத்தெல்லாம் எங்க கா?"

வட்டிலப்பத்தை வாயில் வைத்தபடியே சொன்னாய்: "உள்ளுக்குத்தான் கிடக்கு. திறந்து பாரன்."

"திறந்துதானே பாத்தன்! வெறும் வெள்ளை."

"அழுதுக்கிட்டுப் பாக்கிற ஆளுக்கு ஒண்டுதான் கண்ணில படணும் மச்சி. வெறும் இடமும் வேலை செய்யும்."

"அப்ப நான் எழுதினது குப்பை!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். படிக்காதவளைப் பகிடி பண்ணுகிறாய் என்று எழும்பிப் போனேன். அதற்குப் பிறகு ஜனாஸா வீடுகளில் நீ தலைமாட்டில், நான் கால்மாட்டில். "தண்ணி போதுமாம் எண்டு அவட்ட சொல்லுங்க" என்று இடையில் நிற்பவளிடம் சொல்வேன். கத்தரிக்கோல் மட்டும் ஒவ்வொரு தரமும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. அது என் கோபத்தைக் கூட்டியது.

ஏழு மாதம் கழித்து ஒரு முற்பகலில் உன் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. இப்பதான் என் நினைவு வந்ததோ என்று எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. எடுத்தேன். உன் மகள் அழுதாள்.

என் கையால்தான் உன்னைக் குளிப்பாட்டினேன்.

இன்று முக்கோணத்துக்குள் இருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். என் சொல் ஒன்றைக்கூட நீ மாற்றவில்லை. தெருத்தெருவாகப் பிரித்து, வீட்டுக்கு ஒரு வரியாக வைத்திருக்கிறாய். ரோசாப்பூவை மட்டும் மெய்யாகவே தூக்கிவிட்டாய், அதை நான் மன்னிக்கவில்லை. ஓரத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பெட்டிகள். நான் உனக்கு மச்சி, நீ எனக்கு மச்சி. "மச்சிட்ட கேக்கணும்: இந்தக் கிணத்தத் தூத்து மூடியாச்சா?" "மச்சிக்குத்தான் தெரியும்: இந்த உம்மாக்கு இப்ப ஆரு துணை?" இப்படி ஆறு கேள்வி. நேரில் கேட்க நான் முகம் தரவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மற்ற ஆறு பேருக்கும் முக்கோணம் தெரியுமா? அந்த ஆறு பேரில் ஒருவரான அடுத்த வீட்டு ராத்தாவிடம் போனை நீட்டி, "நான் எழுதினத எடுத்துத் தாங்க பாப்பம்" என்றேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தா. "ஒண்டுமில்லையே புள்ள" என்றா. அப்படியென்றால் உன் பக்கத்திலும் ஒரு பிழை இருந்திருக்கிறது மச்சி. துப்புரவாக வைத்தாய், கதவு எங்கே என்று சொல்லவில்லை. முக்கோணத்துக்குப் பக்கத்தில் "இத அமத்துங்க" என்று எழுதிவிட்டேன். பூ வைக்கவில்லை.

மேலே இப்போது என் நம்பர் இருக்கிறது. குளிக்கப் போனாலும் போன் கூடவே வருகிறது.

ஐந்து கேள்விக்குப் பதில் எழுதினேன். ஆறாவது, உன் வீட்டு வரிக்குப் பக்கத்தில்: "எங்கட வளவில எந்தப் பக்கம் வெச்சிக் குளிப்பாட்டலாம்? மச்சி வந்து பாத்துச் சொல்லணும்."

ஒற்றை விரலால் எழுதினேன்: "முருங்கைக்குக் கிழக்கால. மறைப்புக் கட்ட ரெண்டு தூண் இரிக்கி. தண்ணி தேங்கல்ல. வந்து பாத்தன்."