அத்தை தைத்த வயிறு

சகலமானவர்களுக்கும், முக்கியமாக எங்களை விட்டுப் போய்விட்ட என் அத்தைக்கும், ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால்: நீ எனக்குத் தைத்துக் கொடுத்த வயிறு இன்று காலை நாஷ்டா நேரத்தில் வெடித்துவிட்டது. கூடம் முழுக்கப் பஞ்சு. இட்லி மேல் பஞ்சு, சட்னி மேல் பஞ்சு, அப்பாவின் மீசையிலும் கொஞ்சம். இரங்கல் கூட்டம் ஏதும் இல்லை. அம்மா விளக்குமாற்றோடு நின்றதால் கூட்டம் தானாகக் கலைந்துவிட்டது.

குற்றவாளி அக்காவின் மகள். தவழ ஆரம்பித்திருக்கிறாள், கீழே இரண்டு பல். இரண்டே பல்லை வைத்துக்கொண்டு நீ போட்ட தையலைப் பிரித்திருக்கிறாள் என்றால், முழு வரிசையும் வந்த பிறகு இந்த ஊர் என்ன ஆகுமோ. அக்கா ஓடிவந்து வாயிலிருந்த பஞ்சை விரலால் எடுத்தாள். பாப்பா அழவில்லை, எங்கள் எல்லோரையும் பார்த்துக் கைதட்டினாள்.

பஞ்சை அள்ளும்போதுதான் அந்த வாசனை வந்தது. பெருங்காயமும் காய்ந்த மிளகாயும் கலந்த உன் கான்டீன் வாசனை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நீ சமையல் செய்த ஃபாக்டரி கான்டீனிலிருந்து நேராக நாடகத்துக்கு வருவாய். சாப்பாட்டுக் கூடையில் அடியில் டிபன் கேரியர், மேலே என் வயிறு. எல்லா நாடகத்திலும் நான் சாம்பார் மணக்கும் கர்ப்பிணி.

எப்படி ஆரம்பித்தது இதெல்லாம்? திருவள்ளூரில் ஒரு நாள் பயிற்சி, மகளிர் குழுவிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்றார்கள். நீ கை தூக்கினாய். காரணத்தை நீயே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாய். "வேற எவனாச்சும் ஆக்குன சோத்த ஒரு நாளாவது துன்னலாம்னு போனேன்டா."

போன இடத்தில் ஒரு டாக்டரம்மா படம் போட்டுக் காட்டியிருக்கிறார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய் மது குடித்தால் அது பிள்ளையின் ரத்தத்துக்கும் போகும், மூளை வளர்வதைக் கெடுக்கும், அந்தக் கேடு வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும். பார்த்தால் பல பிள்ளைகளிடம் ஒன்றுமே தெரியாது. சொன்னதை மறந்துவிடும், கணக்கு ஏறாது, திடீரென்று கோபம் வரும், பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வாங்கும். நீ எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாயாம். "கள்ளும் இதுல சேருமா டாக்டரம்மா?"

"சேரும்மா. கள்ளு, பீரு, பிராந்தி எதுவானாலும் சேரும். கொஞ்சம் குடிச்சாலும் சேரும்."

உனக்கு அங்கே புரிந்துவிட்டது, உன் மகள் கொடி ஏன் அப்படி என்று. ஒரே பாடத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தவள், வாரத்துக்கு ஒரு ஜோடி செருப்பைத் தொலைப்பவள், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பவள். அவள் உன் வயிற்றில் இருந்த கோடையில் உனக்கு உடம்புச் சூடு என்று யாரோ அன்பாகக் கள் கொடுத்தார்கள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பனை மரத்தில் இறக்கியது. சாராயமா அது, மரத்துப் பால்தானே என்று எல்லோரும் நம்பினார்கள். நீயும் நம்பினாய்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கொடியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்கொடி மக்கு இல்ல. அவ மேல ஒரு தப்பும் இல்ல" என்றாய். ஏதோ லாட்டரி விழுந்தவள் போல் இருந்தது உன் முகம். "அழுதியா இன்னா?" என்று அம்மா கேட்டாள். "பஸ்ல அழுதுகினு வந்தேன் அண்ணி. ஊத்துக்கோட்டை வர்றதுக்குள்ள அழுது முடிச்சிட்டேன். எனக்கு ஒருத்தரும் சொல்லல. நான் சொல்லப்போறேன்."

அந்தப் பாதிப்புக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது, கூட்ஸ் வண்டி மாதிரி நீளம், கடைசிப் பெட்டி வருவதற்குள் இஞ்சினை மறந்துவிடுவோம். நீ அதை "கருவுல ஏறுற போதை" என்று ஒரே பெட்டியில் ஏற்றிவிட்டாய். பயிற்சியில் கொடுத்த படங்களைச் சுருட்டிப் பரண் மேல் போட்டாய். நாடகம் போடலாம் என்றாய். குடிக்கிற கர்ப்பிணியாக நடிக்க எந்தப் பெண்ணும் சம்மதிக்கவில்லை. உன் பார்வை என் மேல் விழுந்தது.

"அத்தே, எனக்கு மீசை மொளைக்குது."

"மொளச்சா செரைச்சிக்கோ. பொம்பள நடிச்சா ஊரு பேசும், நீ நடிச்சா ஊரு சிரிக்கும். சிரிக்கறவங்களுக்குத்தான்டா காது தொறந்து கெடக்கும்."

பழைய தலையணையைப் பிரித்து, உருட்டி, கயிறு வைத்துத் தைத்தாய். அப்படித்தான் நான் இந்த வட்டாரத்தின் முதல் கருவுற்ற வாலிபன் ஆனேன். நான் மருமகள், நீ மாமியார், கொடி தகர டின்னில் தாளம். கம்பெனி இவ்வளவுதான்.

முதல் ஆட்டம் உன் கான்டீனில், சாப்பாட்டு நேரத்தில். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நுழைந்ததும் பெண்கள் பெஞ்சிலிருந்து ஒரு அக்கா கத்தினார்.

"இன்னாடி, எத்தினி மாசம்?"

"பன்னெண்டு முடிஞ்சிட்சுக்கா."

"அய்யோ, இன்னும் டெலிவரி ஆவலியா?"

"கான்ட்ராக்ட்லதான்க்கா கீறேன். பர்மனென்ட் பண்ண மாட்டேன்றாங்க."

கான்டீன் அதிர்ந்தது. முக்கால்வாசிப் பேர் கான்ட்ராக்ட் ஆட்கள் இல்லையா. சூப்பர்வைசர் மட்டும் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அடங்கும் இடத்தில்தான் நீ மெதுவாக முன்னால் வந்து, மாமியார் குரலை விட்டுவிட்டு உன் குரலில், "நெசமா ஒண்ணு சொல்றேன்" என்று ஆரம்பித்தாய். கொடியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாய். குடித்த யாரையும் திட்டவில்லை, கொடுத்த யாரையும் திட்டவில்லை. தட்டு கழுவப் போனவர்களும் ஈரக் கையோடு நின்று கேட்டார்கள்.

அப்புறம் அங்கன்வாடி அம்மாக்களுக்குப் பேசினாய், பள்ளிக்கூட டீச்சர்களுக்குப் பேசினாய். கொடி மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் சொல்ல வேண்டும், அடிக்கக் கூடாது, திரும்பக் கேட்டால் திரும்பச் சொல்ல வேண்டும். இதை நான் உடனே வீட்டில் அமலுக்குக் கொண்டுவந்தேன். அம்மா கடைக்குப் போ, மாவு அரைத்து வா, கரண்ட் பில் கட்டு என்று அடுக்கினால், "எனக்கும் ஒரு தடவைக்கு ஒரு வேலைம்மா, அத்தை சொல்லிகீது" என்பேன். நீ அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாய். "அண்ணி, அவனுக்கு இருக்கறது பாதிப்பு இல்ல, கொழுப்பு."

போன வருடக் கத்திரி வெயிலில்தான் பெரிய சோதனை வந்தது. அக்கா ஐந்து மாதம். அவளைக் கொடுத்த ஊர் ஊத்துக்கோட்டையைத் தாண்டி, தும்மினால் ஆந்திராவில் கேட்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு நாள் செல்போனில் உன்னிடம் கிசுகிசுத்தாள்.

"அத்தே, எங்க மாமியாரு நாளைக்கிலேர்ந்து எனக்குக் கள்ளு எறக்கச் சொல்லிகீறாங்க. சூட்டுக்கு நல்லதாம். ரெண்டு நாளா பல்லு வலின்னு சொல்லிச் சமாளிச்சேன். வேணாம்னா மனசு ஒடஞ்சிடுவாங்க. ரொம்ப நல்லவங்க அத்தே, பேஜாரா இருக்குது."

மாமியார் கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். நல்லவரிடம் எப்படிச் சண்டை போடுவது? நீ போனை வைத்துவிட்டு என்னிடம், "வயித்த எட்றா" என்றாய்.

அன்று சாயங்காலமே அந்த ஊர்க் கோயில் திடலில் நாடகம். நான் நடித்தேன் பார், நடிப்பா அது! பாதி நாடகத்தில் தகர டின் சத்தம் நின்றுவிட்டது. கொடியைக் காணோம். நீ மாமியார் வேடத்தோடே மேடையை விட்டு இறங்கித் தேடப் போனாய். மாமியார் இல்லாத நாடகத்தில் தனியாக ஒரு கர்ப்பிணி. வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். நான் மாமியாராகவும் பேசினேன், மருமகளாகவும் பேசினேன், வயிற்றில் இருக்கும் பிள்ளையாகவும் பேசினேன். "யம்மா, அந்தச் சொம்ப இங்க அனுப்பாத, எனக்கு மூளை வளர்ற நேரம் இது" என்று உள்ளேயிருந்து பிள்ளை கத்தியபோது திடலே அடங்கிவிட்டது. அக்காவின் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாளே கள்ளுக்குத் தடை. அக்கா போன் போட்டு, "வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்கடா" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

இந்தக் கதையை நான் கவரைப்பேட்டை வரைக்கும் பரப்பினேன். மீஞ்சூர் ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொன்னேன். பாப்பா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவிடம், "இவ என் நடிப்புக்குப் பொறந்தவ" என்று சொல்லப்போய், அக்கா வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீ பாப்பாவை வாங்கி, நெற்றியை முகர்ந்து, கொடியின் மடியில் வைத்தாய். "ஒரே ஒரு வேலைதான்டி ஒனக்கு. தலைய புடிச்சிக்கோ." கொடி மூச்சுவிடாமல் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நீ சிரித்தது மாதிரி நான் எப்போதும் பார்த்ததில்லை.

தை மாதம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. அதைப் பற்றி எழுத மாட்டேன். அதில் ஜோக் எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் நீ சந்தோஷப்படுகிற மாதிரி ஒன்று இருக்கிறது. நாடகம் நிற்கவில்லை. கொடி இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். செருப்பை இன்னும் தொலைக்கிறாள், தாளத்தைத் தொலைப்பதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூரில் ஆட்டம். மாமியார் வேடத்துக்கு ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தபோது யார் வந்தார் தெரியுமா? நிஜ மாமியார். அக்காவின் மாமியாரேதான். ஒரு குலை நுங்கோடு பஸ் ஏறி வந்து, "ஒங்க அத்தை வேசத்த நான் கட்டறேன் நைனா" என்றார்.

நேற்று ஒத்திகை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், என் கூட்டாளிகள் வேறு. நான் பெரிய டைரக்டர் தோரணையில், "அன்னிக்கு நீங்க பாத்து அழுதீங்களே, அதே சீனுதான். ஞாபகம் கீதில்ல?" என்றேன்.

அவர் விழித்தார். "நான் எப்ப நைனா பாத்தேன்? நான் திடலுக்கே வரலியே."

கூட்டாளிகள் என் பக்கம் திரும்பினார்கள்.

"இந்தக் கொடிப் பொண்ணு ஒரு கால்ல செருப்பில்லாம எங்கூட்டுப் பின்னால வந்து நின்னுச்சி. ஒக்கார வெச்சி நுங்கு நோண்டிக் குடுத்தேன். 'இது இன்னாது, இது இன்னாது'ன்னு கேட்டுகினே இருந்துச்சி. அப்பதான் ஒங்க அத்தை தேடிகினு வந்தாங்க. ஏன்மா இப்டி திருப்பித் திருப்பிக் கேக்குதுன்னேன். 'இவ வவுத்துல இருக்கசொல்ல நான் கள்ளு குடிச்சேன் சம்பந்தியம்மா. குடுத்தவங்களும் ஆசையாத்தான் குடுத்தாங்க. எங்க யாருக்கும் தெரியாது'ன்னாங்க. அப்ப சூட்டுக்கு நான் இன்னாதான் குடுக்கறதுன்னு கேட்டேன். ஒங்க அத்தை என் கையத்தான் பாத்தாங்க. 'அதே மரந்தானே சம்பந்தியம்மா. நீங்கதான் இப்பக் கொழந்தைக்கு குடுத்துகினு கீறீங்களே'ன்னாங்க. மறுநாளு மரமேறி வந்தப்ப, கள்ளு வேணாம், நுங்கா குலையோட எறக்கிப் போடுன்னுட்டேன். அவ்ளோதான். நீ எங்க நைனா இருந்த அப்போ?"

நான் எங்கே இருந்தேன்? திடலில் மூன்று குரலில் கத்திக்கொண்டிருந்தேன்.

ஆக, அத்தை, அசடு வழிய ஒப்புக்கொள்கிறேன். முந்தானையால் கண்ணைத் துடைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. துடைத்தார்களா என்பதே சந்தேகம். அந்தத் திடலில் புழுதி ஜாஸ்தி. என்னால் ஒரு சொட்டுக் கள்ளும் நிற்கவில்லை. நீ புறக்கடையில் உட்கார்ந்து, யாரையும் குற்றம் சொல்லாமல், கையில் நுங்கோடு இருந்தவரிடம் நாலு வார்த்தை பேசினாய், அது நிறுத்தியது.

இது உனக்கு முதலிலிருந்தே தெரியும். நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டபோது பக்கத்திலேயே நின்றாய். ஒரு தடவைகூட என் பலூனில் ஊசி வைக்கவில்லை. "ஆமாடா, நல்லா நடிச்ச" என்று மட்டும் சொன்னாய்.

பஞ்சை அள்ளித் திணித்து வயிற்றைத் திரும்பத் தைத்துவிட்டேன். என் தையல் கோணல். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இரட்டைக் குழந்தை மாதிரி இருக்கிறது. பாதி உன் கான்டீன் வாசனை, பாதி பாப்பாவின் எச்சில். ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூரில் அதைத்தான் சுமக்கப்போகிறேன். நடிப்பு சுமாராகத்தான் இருக்கும். அதனால் இந்த முறை பாதியில் கொடி எழுந்து போனால், நானும் பின்னாலேயே போகலாம் என்று இருக்கிறேன்.