போகட்டும் என்று சொல்ல ஓர் ஆள்

அன்புச் சின்னவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே அம்மா சுகம். முழங்காலும் கண்ணும் நீங்கலாக நானும் சுகம். உன் அக்காவுக்கு மட்டும் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை, அதனால்தான் கடிதம். போனில் என்றால் நான் ஆரம்பிப்பதற்குள் நீ யோசனை சொல்லிவிடுவாய்.

வளர்ந்துவரும் கம்பெனிகளின் முதலாளிகளுக்கெல்லாம் நீ வழி சொல்கிற ஆள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நம் லாண்டரிக்கு நீ சொன்னதும் தப்பில்லை. வீட்டு ஆள் ஒருவர் மூட்டையைத் தொட்டுப் பார்த்துப் 'போகட்டும்' என்று சொன்னால்தான் அது வாசல் தாண்டும் என்பது கடை ஒன்றாக இருந்தபோது நான் வைத்த பழக்கம். இப்போது கடை நாலு, ஆஸ்பத்திரித் துணி வேறு, அக்கா ஒருத்தி எத்தனை மூட்டையைத் தொடுவாள். வாசலில் மூட்டை மலையாகக் கிடக்கும், வண்டிக்காரர் ஒரு தூக்கமே போட்டு எழுந்திருப்பார், இவள் வேறெந்தக் கடையிலோ யாரிடமோ கத்திக்கொண்டிருப்பாள். நீதான் திரையில் கட்டம் கட்டமாகப் படம் போட்டுக் காட்டி, அந்தப் பொறுப்பை இஸ்திரி மாஸ்டரிடம் கொடு, நீ மேலே இருந்து பார் என்றாய். அவளும் எல்லோரையும் கூட்டி வைத்து, இனி மாஸ்டர் சொன்னால் நான் சொன்ன மாதிரி என்று அறிவித்தாள். மாஸ்டர் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தார். நான் வாசல் நாற்காலியில் இருந்தபடியே கைதட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பாள். மாஸ்டர் அனுப்பிய முதல் ஆஸ்பத்திரி மூட்டையில் ஒரு விரிப்பில் லேசாக மஞ்சள் கறை என்று யாரோ இவள் காதில் போட, பாதி வழி போன வண்டியைத் திரும்பி வரச் சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் மூட்டையைப் பிரித்துப் போட்டாள். கறை இருந்தது. எத்தனை துவைத்தாலும் போகாத பழைய கறை, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கே தெரிந்தது. மாஸ்டர் பிரித்த மூட்டையை மறுபடி கட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டைக்கும் அக்காவுக்குப் போன் போட்டு 'போகட்டுமா பாப்பா' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். வாசலில் நின்ற வரிசை போனுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

போன வாரம் தலைசுற்றுகிறது என்று அக்கா டாக்டரிடம் போனாள், போனை அணைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஆபரேஷன் அறைத் துணியெல்லாம் தயாராகி வாசலுக்கு வந்தது. மாஸ்டர் போன் மேல் போன் போட்டார். கடைசியில் என்னிடம் வந்து கேட்டார். மாஸ்டர் பொறுப்பில் நான் குறுக்கே போகக் கூடாது என்று நீ சொன்னாயே, அதை மனதில் வைத்துக்கொண்டு, உங்களுக்குத்தான் அதிகாரம் இருக்கிறதே என்றேன். மூட்டை கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனையே தள்ளிப் போட்டார்களாம். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு லாண்டரி பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேலை கைவிட்டுப் போனால் ஆஸ்பத்திரித் துணிக்கென்றே போட்ட புதுக் கொட்டகையை மூட வேண்டியதுதான், அங்கே வேலை செய்கிறவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அக்கா வந்த வேகத்தில், ஒரு மூட்டையை அனுப்பத் துப்பில்லையா என்று எல்லோர் காதிலும் விழ மாஸ்டரைக் கேட்டாள். அவர் ஏப்ரனைக் கழற்றி, விரிப்பை மடிக்கிற மாதிரியே நாலாக மடித்து, மேஜை மேல் வைத்துவிட்டுப் போனவர்தான்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். மாடி ஏற முடியாமல் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்தேன், அவரே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டீ வந்தது. என் காலை விசாரித்தார், உன்னை விசாரித்தார். வேலைக்கு வாங்க என்றேன். 'அனுப்புனேன், வண்டி திரும்பி வந்துச்சு. அனுப்பாம நின்னேன், துப்பில்லைன்னு ஆயிருச்சு. நான் என்னதான் செய்யணும்னு நீங்களே சொல்லுங்கய்யா' என்றார். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அக்காவிடம், நீ ஒரு தடவை போய்க் கூப்பிடும்மா என்றால், 'நான் போய் நின்னா அப்புறம் யாருப்பா என்னை மதிப்பாங்க' என்கிறாள். டாக்டர் நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார், இரண்டும் இல்லை.

இப்போது அக்காவே இஸ்திரி போடுகிறாள். மாஸ்டரின் மேஜையில், அந்த ஏப்ரனை நகர்த்தாமல், மிச்ச இடத்தில் துணியை விரித்துத் தேய்க்கிறாள். நீ போட்ட படத்தைக் காகிதத்தில் எடுத்து எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறாள், ஆவி பட்டு ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. நேற்று ஆஸ்பத்திரி மூட்டையைக் கட்டினாள், பிரித்துப் பார்த்தாள், கட்டினாள், மறுபடி பிரித்தாள். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். கடைசியில் மூட்டையை என் நாற்காலி வரைக்கும் இழுத்து வந்து, 'போகட்டுமாப்பா' என்றாள். என் கண்ணுக்கு வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியாதா, தினமும் சொட்டு மருந்து விடுகிறவளே அவள்தானே. தெரிந்தும் கேட்டாள். மூட்டை மேல் கை வைத்தேன், இன்னும் சூடாக இருந்தது. போகட்டும் என்றேன். வண்டி தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

இதற்கும் உன்னிடம் ஒரு கட்டம் இருக்கும். வேண்டாம்டா. அடுத்த முறை போன் பண்ணும்போது அவள் பேசினால் கேட்டுக்கொள், பேசாவிட்டால் நீயும் சும்மா இரு. முடிந்தால் மாஸ்டருக்கு ஒரு போன் போடு. வரச் சொல்லிக் கூப்பிடாதே, சௌக்கியமா என்று மட்டும் கேள். அதனால் என்ன ஆகும் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

நீ நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நீடூழி வாழ வேண்டும். அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் குளிர் பட்டால் ஆகாது.

எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டி, அனுப்பலாமா என்று கேட்டேன். என்னைக் கேட்காதீங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். சரி, நானே அனுப்புகிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா