ஜெயராஜின் இரண்டு வரி

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் கணக்கு நடத்தியவன் நான். இயற்பியல் நடத்திய ஜெயராஜுக்கு, ஓய்வு பெற்ற பிறகு, ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற, கணினி நிரலைச் சுருக்கமாக எழுதும் முறை வசப்பட்டுவிட்டது. எங்கள் ஊர் மண்பாண்டக்காரர்களின் பொதுச் சூளையில் எந்தப் பட்டறைச் சரக்கு எதனோடு சேர்ந்து வேக வேண்டும் என்று பிரிக்க ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டே வரி. நானும் எழுதினேன், நாற்பது வரி. யாரிடமும் காட்டவில்லை.

என் மனைவி கொளஞ்சியம்மாள் வேறு: “அவுரு மூளையே தனிங்க.”

ஆகஸ்ட் 20, புதன்

அந்த இரண்டு வரியை உட்கார்ந்து படித்தேன். பொறாமையோடு படித்தால் நன்றாகப் புரிகிறது. சூட்டின் அளவு சாவி, பட்டறைக்காரர் பெயர் மதிப்பு. இணைகளை அப்படியே வாரி ‘மேப்’ என்ற அட்டவணையில் போடுகிறார். ஆனால் ஒரு சாவிக்கு ஒரு மதிப்புதானே நிற்கும்? அதே சூட்டுக்கு இன்னொருவர் வந்தால் முதலில் வந்தவர் அழிந்துபோவார். பெயர்களைப் பட்டியலாகச் சேர்த்துக்கொண்டே போயிருக்க வேண்டும். அதே சூடு கேட்கும் பட்டறைக்காரர் விருத்தகிரியின் பெயர் வந்ததும், பொம்மை செய்யும் ஆராயி காணாமல் போகிறாள்.

எனக்குத்தான் புரியவில்லையோ? மறுபடி ஓட்டினேன். இல்லை, அவர் தவறுதான்.

சந்தோஷமாக இருந்தது. சீ.

ஆகஸ்ட் 21, வியாழன்

சனிக்கிழமை சூளை மூட்டுகிறார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் ஆராயியின் கொலு பொம்மைகள் வேகாமல் கிடக்கும். வியாபாரி வேறு பட்டறைக்குப் போய்விடுவான். அவளுக்கு வருஷத்தில் வருவதே அந்த ஒரு வியாபாரம். இது தெரிஞ்சும் யோசிக்கிறேனே, நான் என்ன மனுசன்—

ஆகஸ்ட் 22, வெள்ளி

சூளைக் கூட்டத்தில் எழுந்து சொல்லத்தான் போனேன். எழவில்லை; அவரை மட்டும் கூப்பிட்டேன். வெளியே டீக்கடையில் அவர் காதோடு சொன்னேன். டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினார்.

“ஆராயிம்மா, ஒங்க சரக்க நான் வுட்டுட்டேன். சாருதான் கண்டுபுடிச்சாரு!”

“அய்யய்ய, ஒங்க கம்ப்யூட்டரு எம்பேர முழுங்கிடுச்சா?” என்று சிரித்தாள் ஆராயி. “பரவால்ல சார். தப்ப தப்புன்னு ஒத்துக்க எத்தினி பேருக்கு மனசு வருது?”

எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். பெருந்தன்மையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 30, சனி

ஆராயியின் பொம்மைகள் நன்றாக வெந்து நேற்றே வண்டி ஏறிவிட்டன.

ஜெயராஜ் அடுத்த நிரலை அனுப்பியிருக்கிறார். “நீங்க பாக்காம சூளைக்குக் குடுக்க மாட்டேன் சார்.”

காலை முழுவதும் தப்பு தேடினேன். ஆசையோடு தேடினேன். ஒன்றுமில்லை. ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதினேன். அழித்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி எழுதி, அனுப்பினேன்.